எடுக்காமல் விட்ட சந்தா

"என் காசை ஏம்ப்பா எடுக்காம விட்டீங்க?"

கேட்டுக்கொண்டே உள்ளே வந்து நின்றாள் முத்துப்பேச்சி. குரங்கணியிலிருந்து முதல் ஜீப்பில் வந்து, போடி பஸ் ஸ்டாண்டிலிருந்து வேகுவேகென்று நடந்ததில் மூச்சு இன்னும் அடங்கவில்லை.

வீடு, நிலம் விற்க விளம்பரம் போடும் இணையதளத்தின் போடிக் கிளை அது. பொறுப்பாளர் யோகராஜ் நிமிர்ந்து பார்த்தான். "என் காசை ஏன் எடுத்தீங்க?" என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் மூன்று வருடமாகத் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனிதன், பாவம். எடுக்கவில்லை என்று சண்டைக்கு வந்த முதல் ஆள் இவள்தான்.

"உக்காருங்கக்கா. செல் நம்பரைச் சொல்லுங்க."

சொன்னாள். கணினியில் வரிசையாகப் பதினாலு பில் வந்து நின்றது. குரங்கணி, ஒன்றரை ஏக்கர், மாதம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய். ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போயிருக்கிறது. இந்த மாதம் மட்டும் போகவில்லை. அதனால் நேற்றோடு விளம்பரமும் தளத்திலிருந்து இறங்கிவிட்டது.

"பேங்க் கார்டை மாத்துனீங்களாக்கா?"

"அவங்களாத்தான் புதுசு அனுப்புனாங்க. அதுக்கு நான் என்ன செய்ய?"

"பழைய கார்டுல பிடிக்க முடியாதுல்லக்கா? மூணு மெயில் போட்டிருக்கோமே."

"அந்த மெயிலை உண்டாக்குனதே செல்போன் கடைக்காரன். அவன் படிச்சிருப்பான், போ! பதினோரு மணிக்குள்ள என் விளம்பரம் அதுல ஏறணும்."

கடிகாரத்தில் பத்தே கால்.

"அப்படி என்னக்கா அவசரம்?"

"சென்னைப் பார்ட்டி ஒருத்தன் வந்திருக்கான். என் கொழுந்தன் சோணை கூட்டியாந்திருக்கான். பதினோரு மணிக்கு லாட்ஜுல வச்சு அட்வான்ஸ். இங்க இடம் வாங்க வர்ற எவனும் உங்க சைட்டைப் பாக்காமக் காசை எடுக்கிறதில்ல. அவன் பாக்கையில என் விளம்பரம் இல்லேன்னா என் கதை முடிஞ்சது."

"இடம் யாரு பேருலக்கா?"

"என் பேருலதான். எங்க வீட்டுக்காரரு செத்த பொறகு பட்டாவும் மாத்தியாச்சு."

"அப்ப நீங்களே நேர்ல போயிரலாம்ல?"

"எந்த லாட்ஜுன்னு எங்கிட்ட யாரு சொல்றா? பொம்பளைக்கு எதுக்குன்னு விட்டுட்டாங்க."

யோகராஜுக்கு மனசு இளகிவிட்டது. புருசன் இல்லாத பொம்பளை, பதினாலு மாதமாக விலை போகாத நிலம். கொழுந்தன் புண்ணியத்தில் இப்போதுதான் ஒரு ஆள் அகப்பட்டிருக்கிறான். ஆனால் மனசு இளகினால் கணினி இளகுமா?

"பழைய பில் பாக்கி நிக்குதுக்கா. மதுரை ஆபீஸ்ல ரத்து பண்ணணும். நாளைக்குத்தான் ஏறும்."

"நாளைக்கு ஏத்தி நாக்கு வழிக்கவா?" என்று சீறினாள் முத்துப்பேச்சி. "காசைப் பிடிக்கும்போது எந்த மதுரையைக் கேட்டுப் பிடிச்சீங்க? பதினாலு மாசத்துல ஒரு நாள் தவறுச்சா? ஏறுற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். போலீசை வேணா கூப்பிடு. அவங்களையும் நாலு வார்த்தை கேக்க வேண்டியிருக்கு!"

சொன்னதோடு நிற்காமல் நாற்காலியை இழுத்து வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மாடி, என்ன வாய்! யோகராஜ் மதுரைக்குப் போன் போட்டான், கெஞ்சினான், திட்டும் வாங்கினான். பத்தே முக்காலுக்குப் பழைய பில் ரத்தானது.

"செல்லைக் கொண்டாங்கக்கா. கூட இருநூறு குடுத்தா, 'உடனடி விற்பனை'ன்னு மேல சிவப்புப் பட்டை வரும். போடவா?"

"பட்டை நாமம் போட்டதெல்லாம் போதும். நான் போட்டது போட்டபடி வரட்டும்."

"சரி, மாசா மாசம் எடுக்க அனுமதி கேக்குது. எந்த மாசம் வரைக்கும் வைக்க?"

"முடிவுத் தேதியே வேண்டாம். நான் உசுரோட இருக்கிற வரைக்கும் எடு."

யோகராஜ் சிரித்துவிட்டான். "எதுக்குக்கா? இன்னைக்குப் பேச்சு முடிஞ்சா அடுத்த மாசமே நிறுத்திரலாம்."

"உன் சோலியைப் பாரு தம்பி. வெரசா ஏத்து."

பத்து ஐம்பத்திரண்டுக்குப் பணம் போய், ரசீது வந்து, விளம்பரம் ஏறியது. முத்துப்பேச்சி செல்லை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வாய் பேசினாலும் பயம் பயம்தானே. அந்த ஒன்றரை ஏக்கரை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

பதினோரு மணி தாண்டி நாலு நிமிடத்தில் செல் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"முத்துப்பேச்சி அம்மாங்களா? நான் சென்னையிலிருந்து வந்திருக்கேன். உங்க கொழுந்தனாரோட லாட்ஜுல உட்கார்ந்திருக்கேன். பணத்தை எடுத்து வெச்சுட்டு, எதுக்கும் ஒரு தடவை வெப்சைட்டைப் பார்த்தேன். குரங்கணி இடத்துக்கு விளம்பரம் போட்டது நீங்கதானா?"

"நான்தான். எழுத்துக்கு எழுத்து நான் சொல்லிப் போட்டது."

"இல்ல, இதுல என்னமோ இப்படிப் போட்டிருக்கே..."

"மதினி, போனை வைங்க மதினி!" என்று பின்னாலிருந்து சோணையின் குரல் பதறியது.

முத்துப்பேச்சி எழுந்து நின்றாள். பயம் போன இடம் தெரியவில்லை.

"என்ன போட்டிருக்குன்னு சத்தமா வாசிங்க சார். பக்கத்துல இருக்கிறவன் காதுலயும் விழட்டும்!"

அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"இந்த இடம் விற்பனைக்கு அல்ல."