எடுத்த இடத்தில்

"நூலகத்துக்குப் பணம் பாதிதான் வருது. யாரும் படிக்காத ஆய்விதழையெல்லாம் நிறுத்திடுங்கம்மா," என்றார் கல்லூரி முதல்வர்.

"வணிகவியல் இதழுக்கு நல்ல கிராக்கி சார். நரம்பியல் பக்கம்தான் ஈ காக்கா கூட எட்டிப் பாக்கல," என்றார் நூலகர்.

நரம்பியல் இதழின் சந்தா நின்றது.

அடுத்த மாதம் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி காலி அடுக்கின் முன் திகைத்து நின்றாள்.

"என் ஆராய்ச்சியே அத நம்பித்தான் மேடம். தினமும் வந்து படிச்சேனே."

"கத விடாதம்மா. சாயங்காலம் மேசை மேல கெடக்கறத எண்ணித்தான் யாரு எதப் படிக்கிறாங்கன்னு கணக்கெடுக்கறோம். அது ஒரு நாளும் கெடந்ததில்ல."

"படிச்சு முடிச்சதும் அடுக்குலயே திருப்பி வெச்சிடுவேன் மேடம்."

"உன்ன யாரு வைக்கச் சொன்னா?"

அவள் சுவரைக் காட்டினாள். நூலகரே தன் கைப்பட எழுதி ஒட்டியது: 'எடுத்த இதழை எடுத்த இடத்திலேயே வைக்கவும்.'

இத்தனை வருடத்தில் அந்தப் பேச்சைக் கேட்டவள் இவள் ஒருத்திதான்.

நூலகர் திரும்பிப் பார்த்தார். பின்னால் மேசையில், தடித்த வணிகவியல் இதழின் மேல் தலைசாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மாணவன், மறு கன்னத்தை மாற்றி வைத்துக்கொண்டான்.