முளைக்காத கிழங்கு

எந்த வருடம் என்று சரியாக நினைவில்லை. கடலோரப் பாறைச்சரிவில் மிஞ்சியிருந்த ஒரே அபூர்வப் பூச்செடி, மழை பெய்தும் கிழங்கிலிருந்து முளைக்கவில்லை.

அதைக் காக்க வைத்திருந்த காவல்காரர் தன் மைத்துனனைப் பிடித்தார். தூண்டிலோடு அந்தப் பக்கம் போகிறவன் அவன்தான்.

"கிழங்கைத் தோண்டி எவன்கிட்டடா வித்தே?"

"மீனையே விக்கத் தெரியாதவன் மாமா நான்."

அவர் நம்பவில்லை, அதிகாரியிடம் அவனைக் காட்டிக் கொடுத்தார். அவன் அக்காவிடம்கூடச் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனான்.

செடி மண்ணுக்குள் உறங்கிய கோடையில் தானே அடித்து நட்ட 'பூவைப் பறிக்காதீர்கள்' பலகை இனி எதற்கென்று பிடுங்கினார். அதன் கூர்முனையில் கிழங்கு குத்துப்பட்டுக் காய்ந்திருந்தது.

பலகையைக் கிழங்கோடு கடலில் எறிந்தார்.

மைத்துனன் திரும்பவேயில்லை. காவல்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். "உங்க மானத்தை வாங்கிட்டானே" என்று மனைவி இன்றும் தம்பிக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.