டெம்ரோவின் நாலு பாகம்

நோட்டுக் கொப்பியைக் கனகசபையிடம் நீட்டி, வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொன்னான் கோப்ரல்.

பதுளையிலிருந்து ஹல்துமுல்லைக்குப் போகிற காலை பஸ்ஸை ஆமி மறித்து ரோட்டோரம் நிறுத்தியிருந்தது. ஆண்கள் எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். மொனராகலைப் பக்கம் குண்டு வெடித்து இரண்டு கிழமை.

கொப்பி கஜேந்திரனுடையது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், பதுளை டவுனில் வாஹித்தின் கேம் கடையில் வேலை. தோட்டத்துக்கு லீவில் போகிறவன். இப்போது இரண்டு கையும் பின்மண்டையில்.

அவன் சிங்களத்தில் விளக்கம் சொல்ல வாய் திறந்தான். கோப்ரல் துவக்கை லேசாக அசைத்தான், அவன் நிறுத்திக்கொண்டான். எழுதினவன் வாயால் கேட்க இவர்கள் தயாரில்லை.

கனகசபையைக் காட்டிக் கொடுத்தது கண்டக்டர். கந்தோர் மாத்தயாவுக்கு இரண்டு பாஷையும் தெரியும் என்றான். உதவி செய்கிற நினைப்பில்தான் சொன்னான்.

கனகசபை பதினெட்டு வருடமாகப் பதுளையில் தங்கி, ஹல்துமுல்லைக் கந்தோரில் கிளார்க். பஸ்ஸில் யாருடனும் பேசமாட்டார். இரண்டு சொல் பேசினால் போதும், யாழ்ப்பாணம் என்று தெரிந்துவிடும். மடியில் எந்நேரமும் ஒரு சிங்களப் பேப்பர் விரிந்திருக்கும்.

கொப்பியைத் திறந்தார்.

முதலாம் பாகம். டெம்ரோ பாலத்துக்குக் கீழே குண்டு வைக்கிறான். மூன்று நிமிடம்தான் இருக்கு.

இரண்டாம் பாகம். பிடிபடுகிறான். அடித்தும் ஒருத்தன் பேரையும் சொல்லவில்லை. இடது கை போய்விட்டது.

மூன்றாம் பாகம். கப்பலில் வந்த ஆயுதத்தை இறக்கிக் கொடுத்துவிட்டுச் சாகிறான்.

நாலாம் பாகம். செத்தவன் திரும்பி வருகிறான்.

அதற்குக் கீழே, தனியாக வந்தது என்று எழுதிக் கோடு போட்டிருந்தது. டெம்ரோ சின்ன வயதில் காட்டில் பயிற்சி எடுக்கிற கதை.

கனகசபைக்கு எழுத்து கண்ணில் நிற்கவில்லை. கொப்பியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார்.

கோப்ரல் ட்ரைவரை நோக்கி எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். அந்த இடைவெளியில் கஜேந்திரன் பக்கத்திலிருந்து முணுமுணுத்தான்.

"அது கேம் சார். டீவில போட்டு ஆடுறது. உள்ளத அப்பிடியே சொல்லிருங்க, ஒண்ணும் இல்ல."

"தம்பி, நீர் வாயை மூடிக்கொண்டு நில்லும்" என்றார் கனகசபை, உதடு அசையாமல்.

அவருக்குத் தெரிந்த விளையாட்டு கெரமும் கிரிக்கெட்டும். விளையாட்டுக்கு நாலு பாகமா? அதில் ஒருவனுக்குக் கை போகுமா? உள்ளதைச் சொன்னால் இந்த மாதத்தில் எவன் நம்புவான்? போன வெள்ளிக்கிழமை இப்படி பஸ்ஸிலிருந்து இறக்கிய பையன்கள் இரண்டு பேர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்று கந்தோரில் பேசிக்கொண்டார்கள்.

எஞ்சின் நின்றது. கோப்ரல் திரும்பினான்.

கனகசபை தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஆடுகிற கூத்து, மாத்தயா. டெம்ரோ என்பது அதில் வருகிற ஒரு அரக்கன், ராசாவுக்கு எடுபிடி வேலை செய்கிறவன். குண்டு என்ற இடத்தில் அம்பு என்றார். பாலத்தை அரண்மனை வாசல் ஆக்கினார். பயிற்சியைத் தவம் என்றார். செத்தவன் திரும்பி வருகிற இடத்தை மட்டும் மாற்றாமல் அப்படியே விட்டார். கூத்தில் அது நடப்பதுதானே.

பக்கம் முடிகிறபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கஜேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கோப்ரல் தலையாட்டினான். கொப்பியைக் கஜேந்திரனின் பையில் போடச் சொல்லி இளம் சிப்பாய் ஒருவனிடம் எறிந்தான்.

சிப்பாய்க்கு இருபது வயதிருக்கும். கொப்பி அவன் கையில் கடைசிப் பக்கத்தில் விரிந்தது. கஜேந்திரன் பேனையால் ஒரு படம் கீறி, கீழே இங்கிலீஷில் டெம்ரோ என்று எழுதியிருந்தான். ஒற்றைக் கை, கழுத்தில் துண்டு.

சிப்பாய் வாய்விட்டுச் சிரித்தான்.

குருநாகலில் தன் தம்பியிடம் இந்த கேம் முழு செட்டும் இருக்கிறது என்றான். நாலாம் பாகத்தில் படகுக்காரனை எப்படி முடிப்பது என்று கஜேந்திரனைக் கேட்டான். கஜேந்திரன் கையை இறக்காமலே சிங்களத்தில் சொன்னான். பின்னாலிருந்து போக வேண்டும், முன்னால் போனால் முடியாது. இன்னும் ஒன்று இருக்கிறது, கார் ஓட்டப் பந்தயத்திலும் டெம்ரோ வருகிறானே என்றான் சிப்பாய். அது கடைக்கு இன்னும் வரவில்லை என்றான் கஜேந்திரன்.

கோப்ரலும் எட்டிப் பார்த்தான். சிப்பாய் உற்சாகமாக அவனுக்கு விளக்கினான். முதல் கேமில் இவன்தான் பாலத்துக்குக் கீழே குண்டு வைப்பான் சேர், மூன்று நிமிடத்தில் ஓட வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஆடுவது, வேறொன்றும் இல்லை.

கோப்ரல் சிரித்துக்கொண்டே கஜேந்திரனை பஸ்ஸில் ஏறச் சொன்னான்.

பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

கனகசபையின் பக்கம் திரும்பி, குண்டை ஏன் அம்பு என்று சொன்னீர் என்று கேட்டான். சத்தம் போடவில்லை. இன்னும் எதையெல்லாம் மாற்றினீர் என்றும் கேட்டான்.

கனகசபை அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். கோப்ரல் அதைத் திருப்பிப் பிறந்த இடத்தை வாசித்தான். இரண்டு முறை வாசித்தான்.

கஜேந்திரன் பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டான். நடந்தது என்ன என்று அங்கே தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். வாயைத் திறந்தான். கோப்ரல் அவனைப் பார்த்தான்.

ஏறிக்கொண்டான்.

கண்டக்டர் சிங்களப் பேப்பரையும் சாப்பாட்டுப் பார்சலையும் கொண்டுவந்து ரோட்டோரக் கல்லில் வைத்துவிட்டு மணியடித்தான்.

"கேம் எண்டு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே அங்கிள்" என்றான் இளம் சிப்பாய். அவனுக்குத் தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்திருந்தது, வாசிக்கத்தான் தெரியாது.

கோப்ரல் அட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினான்.