கறை தெரியாத வெள்ளை

சுண்ணாம்பே போதும் என்றிருந்த வீட்டுக்கு, இந்தப் பொங்கலுக்குத்தான் முதன்முதலாகப் பெயிண்ட். கடைக்காரர் விரித்த அட்டையைப் பார்த்துக் குருவம்மாளுக்கு அலுப்புத் தட்டியது. வெள்ளையில் இத்தனை வெள்ளையா?

"லேசா சந்தனம் கலந்த வெள்ளை எடுங்கம்மா. கறை தெரியாது."

"தெரியணும் அண்ணாச்சி. பளீர்னு இருக்கிறதையே குடுங்க."

புருசன் பெத்தணன் டப்பாவைத் தூக்கிக்கொண்டான்.

மகள் சினேகா நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் போனபின் வந்த முதல் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு காய்ந்ததும், அடுக்களைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்னக் கை பதிந்திருந்தது. மண் அப்பிய கை. மறுவருசம் அதன்மேல் பூசினார்கள். கை கொஞ்சம் மேலே ஏறி வந்தது. ஒரு வருசம் மருதாணிச் சிவப்பு. அப்புறம் வருசாவருசம் பேனா மை.

"படிக்கிறா போல" என்பான் பெத்தணன். பட்டாசுக் கம்பெனியில் கிடந்து தேய்கிற குருவம்மாளுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

பெத்தணன் பூசி முடித்த அன்று சாயந்திரம், அவள் நாரணாபுரத்திலிருந்து வந்த கம்பெனி வேனைவிட்டு இறங்கி, உடம்பு அசந்துபோய் நேரே அடுக்களைக்குள் நுழைந்தாள். சுவர் காய்ந்திருந்தது. கை அவள் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. ஐந்து விரலும் வெள்ளியாக மினுங்கின.

குருவம்மாள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பட்டாசு மருந்தில் கலக்கிற, எந்தச் சோப்புக்கும் போகாத அலுமினியப் பவுடர், அதே மினுக்கு.

"ஏ புள்ள, மைதானே?" என்று வாசலில் இருந்து கேட்டான் பெத்தணன்.

"நாளைக்கு அந்தச் சந்தன வெள்ளையை வாங்கிட்டு வந்திருங்க" என்றாள்.