ஓடிப்போன ஹேமோ

“அவன் போருக்குப் போனான்னு எழுதேன், லெட்டி! கை தேஞ்சா போயிடும்?”

“அவன் ஓடிப்போனான்ப்பா! பிடிச்சுட்டு வரச் சொல்லி பண்ணை நீதிமன்றம் மூணு வருஷம் தொடர்ந்து உத்தரவு போட்டிருக்கு.”

பக்கத்து வீட்டிலிருந்து பிளம் ஜாம் கொடுக்க வந்த நான், சத்தம் கேட்டதும் திரும்பிப் போகாமல் மாளிகையின் கோபுரப் படியிலேயே மரியாதையாக நிற்கிறேன். ஆவண அறையின் சன்னல் கையகலம்தான். அதில் நுழையும் வெளிச்சம் மேசைமேல் விரித்திருக்கும் தோல்சுருளோடு தீர்ந்துவிடுகிறது. சுருள் மறுபடி சுருண்டுகொள்ளாதபடி நான்கு மூலையிலும் மணல் பைகள். லெட்டிஸுக்கு நாற்பத்தொரு வயது. குடும்ப வரலாற்றை முடித்துவிட்டு டர்ஹாம் நகரத்தில் கிடைத்த வேலைக்குப் போ என்று அப்பா ஆப்ரி சொல்லி ஒன்பது வருடமாகிறது. முதல் மூதாதை பிரபுவாக இருந்தே தீரவேண்டும் அவருக்கு. சுருளோ, பல நூறு வருடம் முன்பு வாழ்ந்த அந்த மூதாதை ஹேமோவைப் பிரபுவின் அனுமதியில்லாமல் எல்லை தாண்டக்கூடாத பண்ணையாள் என்கிறது. அவன் பேரன்தான் பிற்பாடு இந்த மாளிகையை வாங்கினானாம்.

“இதைவிடப் பழைய சுருளைத் தேடு. எங்கயாவது ஒரு பிரபு ஒளிஞ்சிருப்பான்.”

“இன்னும் எத்தனை வருஷம்ப்பா?”

அவர் அடுத்த பெட்டகத்தின் பூட்டோடு மல்லுக்கட்டுகிறார். அவள் ஹேமோவின் பெயர்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. கூரையில் ஒரு புறா வெளியேற வழி தெரியாமல் படபடக்கிறது.

அறுவடைத் திருநாள் முடிந்த வாரம் லெட்டிஸ் யாரிடமும் சொல்லாமல் டர்ஹாம் போய்விட்டாள். அங்கே ஒரு ரொட்டிக்கடைக்காரரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். ஊரில் யார் கேட்டாலும், மகள் ஆராய்ச்சிக்காகப் போயிருக்கிறாள் என்கிறார் ஆப்ரி.