பூம்பாறை வளைவு

"மெதுவாப் போங்க! வளைவு வருதுல்ல?" பாலகுமாரின் தோளுக்குப் பின்னாலிருந்து சுமலதா கத்தினாள்.

அவன் சிரித்தான். "ரேஸ்காரன் பொண்டாட்டிக்கு இம்புட்டுப் பயமா? வெரசாப் போனாத்தான்டி விறுவிறுப்பு!"

"ஒரே வெரசாப் போனா வேகமே தெரியாதுங்க. வளைவுக்கு முன்னாடி கொறச்சு, அப்பறம் தூக்கணும். ஒங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? கூட வர்றவன் மூச்சு விட வேணாமா?"

"தொணதொணக்காத. மொதல்ல இந்த மலைய எறங்கி முடிச்சுக்கிறேன்."

சுமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மடியிலிருந்த லேப்டாப்பை வெடுக்கென்று பிடுங்கினாள். அவன் எழுதிக்கொண்டிருந்த சுயசரிதையில் பூம்பாறை ரேஸ் ஒரே வரியில் முடிந்திருந்தது.

'வளைவில் கார் உருண்டது. அடுத்த மாதமே கோவையில் கோப்பையை வென்றேன்.'

"பக்கத்து சீட்டுல ஒங்களுக்கு வழி சொல்லிக்கிட்டு வந்தானே எங்கண்ணன், அவன் எங்கங்க?"

பாலகுமார் தலைகுனிந்தான்.

"அவன் உசுரு போன எடம் அது. அன்னைக்குத்தான் பிரேக் போடல. எழுதுறப்பவாவது போடுங்க!"