நாலாவது வரி

'துரதிர்ஷ்டவசமாக' என்பதற்குப் பிறகு எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும்? ஒரு மூச்சு போதும். இரண்டு மூச்சு நிறுத்தினால், அழப்போகிறாள் என்று கமராக்காரர்கள் கிட்ட வந்துவிடுவார்கள்.

ஜெசிதா இதைத்தான் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். கடற்கரையோரத்திலிருந்த அந்த நண்டு ஏற்றுமதிக் கொம்பனிக்காக ஊடகங்களோடு பேசுவது ஏழு வருடங்களாக அவளுடைய வேலை. இன்று வாசிக்க வேண்டிய அறிக்கைத் தாள் அவள் கையில் இருந்தது.

பக்கத்து மண்டபத்தில் கதிரைகள் இழுபட்டன. யாழ்ப்பாணத்திலிருந்து நிருபர்கள் வந்துவிட்டார்கள்.

"ஒருக்கா வாசியும் பாப்பம்," என்றார் முகாமையாளர் செபநாயகம்.

வாசித்தாள். 'எமது குளிர் அறையில் துரதிர்ஷ்டவசமாக வாயுக் கசிவு ஏற்பட்டது. முகக்கவசம் அணியாமல் உள்ளே சென்ற ஊழியர் றொசாந்தி உயிரிழந்தார். நிர்வாகத்தின் பக்கம் தவறில்லை. குடும்பத்தினருக்கும் எவ்வித முறைப்பாடும் இல்லை.'

"நல்லாயிருக்கு. நாலாவது வரியிலதான் குரல் விழுகுது. அங்கை நிமிந்து கமராவைப் பாக்கோணும்."

"மாஸ்க் இருந்தாத்தானே சேர் போடுறதுக்கு? குளிர் அறையில வேலை செய்யிற பிள்ளையள் மூண்டுதரம் கேட்டு எழுதினவை."

"அதை ஆர் இப்ப உம்மட்டைக் கேட்டது? கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாதெண்டு எங்களுக்குப் படிப்பிச்சதே நீர்தானே!" சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவள் யன்னலால் வெளியே பார்த்தாள். கேற்றில் ஒட்டியிருந்த றொசாந்தியின் மரண அறிவித்தல் ஒரு மூலை கழன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதையும் அவள்தான் எழுதினாள். அன்பு மகள் என்று தொடங்கி, 'தகவல்: குடும்பத்தினர்' என்று முடிகிற வழக்கமான சொற்கள். அவற்றை எழுதவே ஒரு முழு இரவு எடுத்திருந்தது.

"வேற ஆரும் வாசிக்கட்டுமே, சேர். பார்த்தீபன் நல்லாக் கதைப்பான்."

"அவன் வாசிச்சா ஒருதரும் நம்பாயினம். நீர் வாசிச்சாத்தான் இந்தப் பிரச்சினை இதோடை முடியும்." குரலைத் தணித்தார். "யோசியும், பிள்ளை. உங்கடை வீட்டில இப்ப உழைக்கிறது நீர் ஒராள்தானே?"

ஓம் என்று தலையசைத்தாள். வேறென்ன செய்ய? ஏழு வருடமாகப் பிறருக்குச் சொற்களைத் தேடிக் கொடுத்தவளுக்குத் தனக்கென்று ஒரு வசனம் அகப்படவில்லை. நெஞ்சுக்குள் தேடத் தேட, அங்கேயும் அந்த அறிக்கைத் தமிழே வந்து நின்றது.

அவளுடைய உதவியாளன் பார்த்தீபன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "எட்டுப் பேர், ரெண்டு கமரா. ரோல்ஸும் தேத்தண்ணியும் குடுத்தாச்சு சேர், இனிப் பெரிசாக் கோவிக்காயினம்." பிறகு அவள் பக்கம் திரும்பியபோது அவன் குரல் மாறியது. "அக்கா, உங்களுக்கு ஏலுமே?"

"அவவுக்கு ஏலும்," என்றார் செபநாயகம். கதவை அகலத் திறந்து பிடித்தார். "போம், பிள்ளை. நாலாவது வரி மட்டும் கவனம்."

மண்டபத்தில் யாரோ மைக்கைத் தட்டினார்கள். ஜெசிதா எழுந்தாள். தாளை மெதுவாக மடித்து, அவருடைய மேசையில் வைத்தாள்.

"எனக்கு முறைப்பாடு இருக்கு, சேர். அவள் என்ரை தங்கச்சி."